உப்பும் கண்காணிப்பும்: லித்தியச் சிகிச்சையின் வரலாறு

இருதுருவ மனநோய்க்கு இன்று தரப்படும் மருந்துகளில் மிகப் பழையது லித்தியம். பாறைகளிலும் உப்புநீரிலும் இயற்கையாகக் கிடைக்கும் ஓர் உலோகத்தின் உப்பு அது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அதன் பயனை எழுதி வெளியிட்டார். மருத்துவ உலகம் அதை முழுமையாக ஏற்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, மருந்தை எவ்வளவு தருவது, எத்தனை காலம் தருவது, தந்தபின் யார் எப்படிக் கவனிப்பது என்பதைக் கற்றுக்கொள்வதிலேயே கழிந்தது. நோயாளிகளும் செவிலியர்களும் உடன்பிறந்தவர்களும் அந்தப் பாடத்தில் பங்கு கொண்டார்கள். லித்தியத்தின் வரலாறு இதனால்தான் ஒரு வேதிப்பொருளின் வரலாறாக மட்டும் நின்றுவிடவில்லை.

பைபோலார் என்று மருத்துவமனைகளில் வழங்கும் இந்த நோயில் மனநிலை இரண்டு எல்லைகளுக்குப் போகிறது. ஒன்று மேனியா எனப்படும் மனஎழுச்சி. தூக்கமே தேவைப்படாது, பேச்சு ஓயாது, கையில் இருக்கும் பணம் கரையும், தன்னால் ஆகாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் வலுக்கும், தடுக்க வருபவர் எதிரியாகத் தெரிவார். மற்றொன்று மனச்சோர்வு. படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாகி, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றும். மனஎழுச்சி சில வாரங்களும் சோர்வு சில மாதங்களும் நீடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே பலர் தம் இயல்புக்குத் திரும்பி வேலை பார்க்கிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள், கணக்கு வழக்கைக் கவனிக்கிறார்கள். இந்த இடைவெளிதான் நோயின் தனி அடையாளம். குடும்பத்தார் ஏமாறும் இடமும் இதுவே. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் நம்பி நிம்மதி அடையும்போது அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

சுழற்சியாக வரும் இந்த நோயை 1850களின் தொடக்கத்தில் பாரிசில் ழான் பியர் ஃபால்ரே, ழூல் பைலார்ஜே என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தார்கள். யார் முதலில் சொன்னது என்று இருவருக்கும் இடையே சச்சரவும் நடந்தது. 1899இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின், மனச்சிதைவு நோய் என்று பின்னாளில் பெயர் பெற்ற நோயிலிருந்து இதைப் பிரித்து வைத்தார். நோயாளியை ஒருநாள் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் அவர் வாழ்க்கை போகும் போக்கைக் குறித்து வைத்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. இருதுருவ நோய் என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் 1980இல்தான் இடம்பிடித்தது.

நோய்க்குப் பெயர் கிடைத்தும் மருந்து கிடைக்கவில்லை. புரோமைடு, பாரால்டிஹைடு முதலிய மயக்க மருந்துகளும், ஈரத்துணியால் உடலை இறுகச் சுற்றிக் கிடத்துவதும், மணிக்கணக்கில் வெதுநீர்த் தொட்டியில் அமர்த்துவதும்தான் வழக்கத்தில் இருந்தன. 1938இல் இத்தாலியில் வந்த மின்னதிர்ச்சிச் சிகிச்சை கடும் சோர்விலிருந்து பலரை மீட்டது; அது அன்று தரப்பட்ட முரட்டு முறையைப் பார்த்தே அதற்குக் கெட்ட பெயர் வந்தது. ஓயாத மனஎழுச்சியில் உண்ணாமல் உறங்காமல் உடல் தளர்ந்து இறந்தவர்களும் உண்டு. மனநோய் மருத்துவமனைகளின் பின்கட்டு வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் பூட்டப்பட்டவர்களின் குடும்பங்கள் ஒரு கட்டத்தில் வந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டன.

லித்தியம் அதற்கு முன்பே மருந்துக்கடையில் இருந்தது. ஸ்வீடனின் ஊட்டோ தீவில் கிடைத்த ஒரு கனிமத்தில் 1817இல் யோகான் ஆகஸ்ட் ஆர்ஃப்வெட்சன் அந்த உலோகத்தைக் கண்டறிந்தார். கீல்வாதத்துக்குக் காரணமான யூரிக் அமிலப் படிகங்கள் லித்திய நீரில் கரைவதைப் பார்த்த லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட், 1859இல் வந்த தம் நூலில் அதைக் கீல்வாத மருந்தாகப் பரிந்துரைத்தார். 1871இல் நியூயார்க்கில் வில்லியம் ஹாமண்ட் மனஎழுச்சிக்கு லித்தியம் புரோமைடு கொடுத்தார். டென்மார்க்கில் கார்ல் லாங்கெ, ஃப்ரிட்ஸ் லாங்கெ என்ற சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அவ்வப்போது திரும்பி வரும் மனச்சோர்வுக்கு லித்தியத்தைப் பயன்படுத்தினார்கள். யூரிக் அமிலமே சோர்வுக்குக் காரணம் என்ற அவர்களின் கொள்கை தவறு. கொள்கை கைவிடப்பட்டபோது அதோடு சேர்ந்து மருந்தும் மறந்துபோனது.

லித்திய ஊற்றுநீர் என்று குப்பிகளில் அடைத்து விற்பது பிறகு அமெரிக்காவில் பெரிய வணிகமாயிற்று. 1929இல் சந்தைக்கு வந்த எலுமிச்சைக் குளிர்பானம் ஒன்றிலும் லித்தியம் சிட்ரேட் கலந்திருந்தது. அதுவே இன்று செவன்அப். 1940களில் உப்பு சேர்க்கக் கூடாத இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. அளவே இல்லாமல் சாதத்திலும் குழம்பிலும் தூவுவது போல் அதைத் தூவிக்கொண்டவர்கள் நஞ்சேறி விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். 1949இன் தொடக்கத்தில் இச்செய்தி அமெரிக்க மருத்துவ இதழ்களில் வந்ததும் அரசு அந்த உப்பைக் கடைகளிலிருந்து அகற்றியது. காரணம் பின்னால் தெளிவாயிற்று. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கையாளுகிறது. உடலில் சோடியம் குறைந்தால் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் சிறுநீரகம், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். உப்பைக் குறைத்தவர்களுக்கே லித்தியத்தைக் கொடுத்தது அந்த உப்பின் கொடுமை.

ஜான் கேட் 1912இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை முதல் உலகப்போரிலிருந்து மனம் தளர்ந்து திரும்பி, ஊர் மருத்துவர் தொழிலை விட்டு மனநோய் மருத்துவமனைப் பணியில் சேர்ந்தவர். அதனால் மகன் சிறு வயதில் மனநோய் மருத்துவமனை வளாகங்களில் வளர்ந்தார். நோயாளிகள் அவருக்கு அச்சம் தரும் அந்நியர்களாக ஒருபோதும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ராணுவ மருத்துவராகச் சென்ற கேட், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டு கழிந்தது. அங்கே மனம் பிறழ்ந்து இறந்த சில கைதிகளின் உடலைப் பிணப்பரிசோதனை செய்தபோது மூளையில் ரத்தக்கட்டு போன்ற உடற்காரணங்கள் தெரிந்தன. மனநோயின் வேர் உடலில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது.

போர் முடிந்து மெல்பர்னுக்கு வடக்கே உள்ள பண்டூராவில், படைவீரர்களுக்கான மனநோய் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். அங்கே ஆய்வுக்கூடம் கிடையாது. ஆய்வு நிதியும் கிடையாது. கைவிடப்பட்டிருந்த ஒரு சமையலறையை அவர் எடுத்துக்கொண்டார். அவர் ஊகம் எளிமையானது: உடலில் இயல்பாகச் சுரக்கும் ஏதோ ஒன்று மிகுந்தால் மனஎழுச்சி, குறைந்தால் மனச்சோர்வு. மிகுந்தது சிறுநீரில் வெளிப்படுமே என்று நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்துக் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். சிறுநீர் ஜாடிகள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் இடம்பிடித்தன. யூரிக் அமிலத்தின் விளைவைத் தனியே பார்க்க விரும்பியபோது அது நீரில் எளிதில் கரையவில்லை. கரையக்கூடிய அதன் உப்பாகிய லித்தியம் யூரேட்டைத் தேர்ந்தெடுத்தார். பிறகு லித்தியம் கார்பனேட்டை மட்டும் செலுத்திப் பார்த்தார். தொட்டாலே மிரளும் அந்தப் பிராணிகள் மல்லாத்திப் போட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரம் சலனமின்றிக் கிடந்தன. அது நஞ்சின் மந்தமாகவே இருந்திருக்கலாம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கேட்டின் ஊகமும் நிலைக்கவில்லை. ஆயினும் அடுத்து அவர் வைத்த அடி சரியான திசையில் விழுந்தது.

மருந்தை முதலில் தாமே விழுங்கி, தமக்குத் தீங்கில்லை என்று உறுதி செய்துகொண்டார். 1948 மார்ச் இறுதியில் 51 வயதான ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். ஐந்தாண்டாக ஓயாத மனஎழுச்சியில் இருந்தவர் அவர். வார்டிலேயே அதிகத் தொல்லை தருபவர், துணியைக் கிழிப்பவர், இனி வெளியே போகவே மாட்டார் என்று எல்லோரும் கைவிட்டவர். சில நாட்களில் அவரிடம் மாற்றம் தெரிந்தது. இது மருந்தின் வேலையா, நம் ஆசையின் தோற்றமா என்று கேட்டுக்கே ஐயம் இருந்தது. மூன்று வாரத்தில் அவர் குணமாகி வருவோருக்கான வார்டுக்கு மாற்றப்பட்டார். ஐந்தாண்டு பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவருக்குத் திறந்த வெளியில் நடக்கப் பழகவே சில நாட்கள் ஆயின. ஜூலையில் வீடு திரும்பிப் பழைய வேலையில் சேர்ந்தார்.

1949 செப்டம்பரில் கேட் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில் மனஎழுச்சி கொண்ட 10 பேரின் விவரம் இருந்தது. பத்துப் பேரும் தேறினார்கள். மனச்சிதைவு நோயாளிகளில் சிலருடைய படபடப்பு மட்டும் அடங்கியது. மனச்சோர்வில் இருந்த மூவரிடம் பலன் தெரியவில்லை. தோல்வியையும் மறைக்காமல் எழுதிய சிறு கட்டுரை அது.

அந்த முதல் நோயாளியின் பின்கதையையும் சொல்லாமல் விட முடியாது. நலமாக இருக்கிறோமே என்று அவர் மாத்திரையைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். 1949 ஜனவரியில் மீண்டும் பண்டூராவுக்கே கொண்டுவரப்பட்டார். மீண்டும் லித்தியம், மீண்டும் தேறுதல், மீண்டும் சறுக்கல். கடைசியில் நஞ்சேறி 1950இல் இறந்துபோனார். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அந்த இடைவெளியை அளக்கக் கேட்டிடம் கருவி இருக்கவில்லை. நடை தள்ளாடுகிறதா, வாந்தி வருகிறதா, கை நடுங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் அவருடைய அளவுகோல். அமெரிக்காவில் உப்பால் நேர்ந்த சாவுகளும் அதே சமயத்தில் பேசப்பட்டன. கேட் தாமே லித்தியத்தைக் கைவிட்டார். உலகம் அவர் கட்டுரையைக் கவனிக்கவும் இல்லை.

விட்ட இழையைப் பிடித்தவர்கள் மெல்பர்னிலேயே இருந்தார்கள். எட்வர்ட் டிராட்னரும் சார்லஸ் நோவாக்கும் 100க்கு மேற்பட்ட நோயாளிகளின் சிகிச்சை விவரத்தை 1951இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் தருவது அவர்கள் முறை. சுடர் ஒளிமானி என்ற கருவி அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. ரத்த மாதிரியைச் சுடரில் தெளித்தால் ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய நிறத்தில் ஒளிரும், லித்தியம் செந்நிறம். அந்தச் சிவப்பு எவ்வளவு பிரகாசம் என்பதிலிருந்து அளவு கணக்கிடப்படும். லித்தியத்தின் வரலாற்றில் கேட்டின் பெயர் மட்டும் நிலைத்து டிராட்னரின் பெயர் மறைந்தது நியாயமன்று. அச்சத்தோடு ஒதுக்கப்பட்ட பொருளை அஞ்சாமல் கையாளும்படி செய்தது அவர் குழுவின் பொறுமையான வேலை. அக்குழுவில் இளைஞராகச் சேர்ந்த சாமுவேல் கெர்ஷான் பிறகு அந்த அனுபவத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த கட்டம் டென்மார்க்கில் நடந்தது. ஓர்ஹூஸ் நகரத்தை ஒட்டிய ரிஸ்கோவ் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய மோகன்ஸ் ஷவ், 1954இல் 38 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பூவா தலையா போட்டு, இரண்டிரண்டு வாரங்களுக்கு லித்தியமோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ தரப்பட்டது. மனநல மருத்துவத்தில் இத்தகைய கட்டுப்பாடான பரிசோதனைகள் அரிதாக இருந்த காலம் அது. ஷவுக்கு இது வெறும் ஆய்வுப் பொருளாக இல்லை. அவருடைய குடும்பத்தில் பலருக்கு மனநிலை நோய் இருந்தது. அவர் தம்பிக்கு 20 வயதளவில் தொடங்கிய மனச்சோர்வு ஆண்டுதோறும் திரும்பி வந்தது; மருத்துவமனை, மின்னதிர்ச்சி, தேறுதல், மீண்டும் சோர்வு என்று ஆண்டுகள் ஓடின. 1960களில் அவர் லித்தியம் எடுக்கத் தொடங்கினார். அதன்பின் நோய் திரும்பவில்லை. தம்பிக்கு மனஎழுச்சி வந்ததில்லை, சோர்வு மட்டுமே. ஆயினும் அடுத்த வருகையைத் தடுப்பதில் லித்தியம் என்ன செய்யும் என்பதை ஷவ் தம் வீட்டிலேயே கண்டார். பின்னாளில் இதை மறைக்காமல் எழுதினார்.

தடுப்பு மருந்தாகவும் லித்தியம் பயன்படும் என்பதை முதலில் கவனித்தவர்களில் நோயாளிகளே முன்னால் நிற்கிறார்கள். டென்மார்க்கின் மற்றொரு மருத்துவமனையில் பவுல் கிறிஸ்டியான் போஸ்ட்ரப் மனஎழுச்சிக்கு லித்தியம் கொடுத்து, தேறியதும் நிறுத்திவிடச் சொல்லி அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அவர்களை விசாரித்தபோது சிலர் அவர் சொல்லைக் கேளாமல் மாத்திரையைத் தொடர்ந்திருந்தது தெரிந்தது. அதை எடுத்தால் நோய் திரும்புவதில்லை என்று அவர்களே தெரிந்துகொண்டிருந்தார்கள். இதே நோய் உள்ள உறவினருக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். மருத்துவர் அறியாமல் மாத்திரையைப் பகிர்வது ஆபத்து, ஐயமில்லை. ஆனாலும் தம் நோயின் போக்கை நெருங்கி இருந்து பார்த்தவர்கள் அவர்கள். போஸ்ட்ரப் அவர்களைக் கண்டித்துவிட்டுப் போகாமல் அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் அதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

போஸ்ட்ரப்பும் ஷவும் சேர்ந்து 1967இல் 88 பெண்களின் பல ஆண்டு விவரத்தை வெளியிட்டார்கள். லித்தியத்துக்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 13 வாரம் அளவுக்கு நோயில் கழித்தவர்கள், லித்தியம் எடுத்தபின் சுமார் 2 வாரமே கழித்தார்கள். மறு ஆண்டே லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை சார்ந்த பாரி பிளாக்வெல்லும் மைக்கேல் ஷெப்பர்டும், இது மருத்துவத்தில் இன்னுமொரு கட்டுக்கதை என்ற தொனியில் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வை எப்படி நம்புவது என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருந்தது. அதன் விலைதான் கடுமை. நலமாக இருப்பவரின் மருந்தை எடுத்துவிட்டு வெற்று மாத்திரை கொடுத்தால், அடுத்து வரும் சோர்வில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும். தம்பியின் கதையை அறிந்த ஷவுக்கு அந்தத் தயக்கம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். ஒரே தன்மையுள்ள நோயாளிகளை இணை இணையாகச் சேர்த்து, ஒருவருக்கு லித்தியம், ஒருவருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. நோய் திரும்பியவரை உடனே விலக்கிச் சிகிச்சை தர வேண்டும். விடை தெளிந்த அன்றே ஆய்வை நிறுத்த வேண்டும். 1970இல் முடிவு வந்தது. மொத்தம் 84 பேர். வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் எடுத்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க அரசு மனஎழுச்சிக்கு லித்தியத்தை அனுமதித்தது. 1974இல் தடுப்புச் சிகிச்சைக்கும் அனுமதி கிடைத்தது. இயற்கையில் கிடைக்கும் உப்புக்கு எவரும் காப்புரிமை வாங்க முடியாது. அதை முனைந்து விற்க எந்த நிறுவனமும் ஆவல் கொள்ளாததும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

1970களில் பல நாடுகளில் லித்தியத்துக்கென்றே புறநோயாளிப் பிரிவுகள் தொடங்கின. நோயாளி வாரத்துக்கொரு முறையும், அளவு நிலைப்பட்டபின் சில மாதங்களுக்கொரு முறையும் வந்து ரத்தம் கொடுப்பார். இன்றும் முறை அதுதான். முதல்நாள் இரவு மாத்திரை போட்டபின் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால் கணக்கு தப்பிவிடும். பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது ஏற்ற அளவு. 1.5ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம். கை நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உடல் எடை கூடுதல் ஆகியவை வழக்கமான பக்கவிளைவுகள். தைராய்டு மந்தமாகலாம், பல பத்தாண்டுகள் எடுத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் தளரலாம். ஆகவே அவ்விரண்டையும் சோதிப்பதும் வழக்கத்தில் சேர்ந்தது. கருவுற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரோடு பேசித் திட்டமிட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோடையில் இந்தக் கண்காணிப்புக்குக் கூடுதல் அவசியம் உண்டு. வெயிலில் வேர்த்து உப்பும் நீரும் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், நீர் அருந்தாத விரதம் ஆகியவற்றாலும் ஏறும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பலவும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரைகளும் லித்தியத்தை உடலில் தேக்கி வைக்கும். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தியோடு கை கடுமையாக நடுங்கினாலோ அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பண்டூராவில் செவிலியர்கள் கண்ணால் பார்த்துக் குறித்த அதே அறிகுறிகள் இவை.

மாத்திரையை நிறுத்துவது முதல் நோயாளி காலத்திலிருந்தே தொடரும் சிக்கல். ஷவ் இதை அறிந்து, நோயாளிகளும் குடும்பத்தாரும் படிப்பதற்கென்றே லித்தியச் சிகிச்சை பற்றி எளிய கைந்நூல் ஒன்றை எழுதினார். 1980இல் வந்த அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. நிறுத்துவோரை முரண்டு பிடிப்பவர்கள் என்று பார்ப்பது பெரும் பிழை. நலமாக இருக்கும்போது தினமும் மாத்திரை போடுவது, தான் நோயாளி என்பதைத் தினமும் ஒத்துக்கொள்வதாகிவிடுகிறது. நடுங்கும் கையால் எழுதவோ தைக்கவோ முடியாமல் வேலையை இழந்தவர் உண்டு. மனஎழுச்சியின் தொடக்கத்தில் வரும் உற்சாகத்தையும் வேகத்தையும் இழக்க மனமில்லாதவரும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயைப் பற்றிய பெரிய மருத்துவ நூலை 1990இல் ஃபிரெடரிக் குட்வினோடு சேர்ந்து எழுதியவர். தமக்கே அந்த நோய் இருப்பதை 1995இல் வந்த தன்வரலாற்றில் சொன்னார். துறை வல்லுநராக இருந்தும் லித்தியத்தைப் பலமுறை நிறுத்தியதையும், அதனால் உயிர் போகும் நிலை வரை சென்றதையும் அதில் விவரித்தார். மருந்து தம்மைக் காத்ததென்றால், மருந்தோடு இருக்கச் செய்தது உளவியல் சிகிச்சையும் உடனிருந்தவர்களின் அன்பும் என்பது அவர் அனுபவம்.

லித்தியம் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. பிரான்சில் 1960களில் வால்ப்ரோயேட்டும், ஜப்பானில் 1970களில் கார்பமசிபீனும் இந்த நோய்க்குப் பயன்படத் தொடங்கின. மனச்சிதைவுக்கு வந்த மருந்துகள் சிலவும் பிறகு சேர்ந்தன. இருந்தும் மனநிலை நோயாளிகளின் தற்கொலையைக் குறைப்பதில் லித்தியத்துக்கு உள்ள சான்று வேறெந்த மருந்துக்கும் அவ்வளவு வலுவாக இல்லை. 2013இல் 48 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வும் அதை உறுதி செய்தது.

மருந்தோடு குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவரும் முயற்சிகள் 1980களுக்குப் பிறகு வலுப்பெற்றன. அமெரிக்காவில் டேவிட் மிக்லோவிட்ஸ், நோயாளியோடு பெற்றோரையும் வாழ்க்கைத் துணையையும் உட்கார வைத்து நடத்தும் சிகிச்சையை உருவாக்கினார். எலன் ஃபிராங்க், எழுவதும் உண்பதும் உறங்குவதும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நடக்குமாறு பழக்கும் முறையைக் கொண்டுவந்தார். பார்சிலோனாவில் ஃபிரான்செஸ்க் கொலோமும் எட்வார்ட் வியேத்தாவும் 120 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2003இல் வந்தது. மருந்தோடு 21 அமர்வுகளில் குழுவாக நோயைப் பற்றிக் கற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. அங்கே கற்றுத் தரப்பட்டவை வீட்டில் இருப்பவரும் கற்கக்கூடியவை. தூக்கம் குறைவது மனஎழுச்சியின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம், தூண்டுதலாகவும் இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பீரோவை அடுக்குவது, பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடுவது, திடீரென்று கடன் வாங்கிக் கடை வைக்கக் கிளம்புவது என்று அறிகுறிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. நலமாக இருக்கும் நாளில் நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து அவற்றைப் பட்டியலிட்டு, எது தெரிந்தால் யாரை அழைப்பது, பணப் பொறுப்பை யார் ஏற்பது என்று முடிவு செய்து வைப்பது அந்தப் பயிற்சியின் மையம். கவனிப்பு வேவு பார்ப்பதாக மாறினால் பலன் கெடும். ஒவ்வொரு சிரிப்பையும் நோய் என்று சந்தேகித்தால் நோயாளி தம் மனநிலையை மறைக்கத் தொடங்கிவிடுவார். மனஎழுச்சியில் சொன்ன சுடுசொல்லைத் தேறியபின் குத்திக்காட்டும் வீட்டிலும் இதே கதைதான்.

இந்தியாவில் 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, இருதுருவ நோயாளிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. லித்தியம் விலை குறைந்த மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் உள்ளது. மாத்திரை கிடைக்கும் ஊரில் ரத்த அளவு பார்க்கும் வசதியும் இருந்தால்தான் அதைத் தொடர்ந்து தர முடியும். சிறு ஊர்களில் அந்த வசதிக்காக மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டியிருப்பது பலர் பாதியில் நிறுத்தக் காரணமாகிறது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், இடையிடையே முழு நலம் திரும்பும் இந்த நோய்க்கு நன்கு பொருந்தும் ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. 18 வயது நிறைந்த எவரும் பிற்காலத்தில் நோய்வாய்ப்பட்டால் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்கலாம். அவசரச் சிகிச்சையை மட்டும் இது கட்டுப்படுத்தாது. லித்தியம் தமக்கு ஒத்துவந்ததா, எந்த அளவில், எந்த மருந்து ஒவ்வவில்லை, மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பவற்றை நோயாளியே தம் கைப்பட எழுதி வைக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.